அச்சகத்து மெயில்களுக்கு தண்டர்பேர்ட்: கணக்கு சேர்த்ததில் தொடங்கி மூன்று மாதம்

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரிலேயே மெயில் மென்பொருள் வைத்து வேலை பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு தண்டர்பேர்ட் நல்ல தேர்வு, காசும் கிடையாது. ஜிமெயில் மாதிரி பெரிய இடத்துக் கணக்கு என்றால் இரண்டு நிமிடத்தில் இன்பாக்ஸ் வந்து நிற்கும். சொந்த டொமைனில், அதாவது தன் கடைப் பெயரிலேயே வாங்கிய இணைய முகவரியில், மெயில் வைத்திருப்பவர் என்றால் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி, பொறுமையாக உட்கார்ந்து செய்யுங்கள், ஏனென்றால் கணக்கு சேர்க்கும் அந்தத் திரையில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அதைப் பொறுத்துதான் நாலு வருடம் கழித்து உங்கள் மெயில்கள் இருக்குமா இருக்காதா என்பதே இருக்கிறது.

நான் இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சிவகாசியில் சித்தப்பா ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறார். தினசரி காலண்டர், மாதக் காலண்டர், டைரி, இடையில் பில் புத்தகம், கல்யாணப் பத்திரிகை. ஆடிப்பெருக்குக்கு காலண்டர் ஆல்பம் வெளியே வந்துவிட்டால் அப்புறம் மார்கழி வரை யாருக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆர்டர், டிசைன் திருத்தம், ப்ரூஃபுக்கு ஓகே சொன்னது, ஜிஎஸ்டி பில், எல்லாம் மெயிலில்தான். போன வருடம் சரியாக அந்த சீசன் நடுவில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. சரி, மெயில்தானே, வேறு கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளலாம் என்று வெப்மெயிலில் போய்ப் பார்த்தால் இன்பாக்ஸ் காலி. எப்போதோ யாரோ வைத்துக்கொடுத்த ஒரு பழைய மெயில் மென்பொருள், பாப் முறையில், மெயிலை இறக்கியவுடனே சர்வரிலிருந்து அழித்துவிடும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஆறு வருடத்து மெயில்கள் அந்த ஒரு டிஸ்க்கில் மட்டுமே இருந்திருக்கின்றன. கரூர், கோயம்புத்தூர், விஜயவாடா என்று ஒவ்வொரு கடையாகப் போன் போட்டு, ஆர்டரைத் திரும்ப அனுப்புங்கள் என்று கேட்டுக் கேட்டு வாங்கினோம். சித்தப்பா அந்த மூன்று நாளும் சரியாகச் சாப்பிடவில்லை.

அதனால் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியதும் மெயில் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். மொத்தம் மூன்று கணக்குகள்: டொமைனில் ஆர்டருக்கு ஒன்று, கணக்குப்பிள்ளைக்கு ஒன்று, சித்தப்பா பல வருடமாக வைத்திருக்கும் ஜிமெயில் ஒன்று.

பிரவுசரிலேயே பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. ஆனால் மூன்று கணக்குக்கும் மூன்று டேப், அதில் எங்கள் ஹோஸ்டிங்கின் (டொமைன் மெயிலுக்கு சர்வர் கொடுக்கும் கம்பெனியின்) வெப்மெயில் ஒவ்வொரு மெயிலையும் திறக்க நேரம் எடுக்கும், கணக்குப்பிள்ளைக்கோ ஒரே இடத்தில் எல்லாம் வேண்டும். இணைய இணைப்பு அறுந்தாலும் பழைய மெயிலைத் திறந்து பேப்பர் அளவைப் பார்க்க முடிய வேண்டும். இதற்கெல்லாம் கம்ப்யூட்டரில் உட்காரும் மென்பொருள்தான் சரி. விண்டோஸோடு வந்துகொண்டிருந்த மெயில் செயலிக்கு 2024 டிசம்பர் 31-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக மைக்ரோசாஃப்ட் கொடுக்கும் புதிய அவுட்லுக்கில் ஜிமெயிலையோ வேறு ஐமேப் கணக்கையோ (மெயில் சர்வரிலேயே இருக்கும் வகை, பின்னால் விளக்குகிறேன்) சேர்த்தால், மெயில்களின் நகல் அவர்களுடைய கிளவுடுக்கும் போகும், சேர்க்கும்போது அந்தச் செயலியே இதைச் சொல்லி அனுமதி கேட்கிறது. சிலருக்கு அது பரவாயில்லை என்று இருக்கலாம். வாடிக்கையாளர் விலைப்பட்டியல் எல்லாம் இருக்கும் மெயிலை எங்கள் கம்ப்யூட்டர், எங்கள் சர்வர் தவிர மூன்றாவது இடத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தண்டர்பேர்டின் வரலாற்றை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பத்து வருட மெயிலை ஒப்படைக்கும் முன் அந்த மென்பொருள் இருக்குமா, மூடிவிடுவார்களா என்று பார்க்க வேண்டும் அல்லவா. ஃபயர்ஃபாக்ஸ் செய்யும் மொசில்லாவிலிருந்து 2003-இல் வந்தது, 1.0 பதிப்பு 2004 டிசம்பரில். 2012-இல் மொசில்லா இதில் பெரிதாக இனி உழைக்கப்போவதில்லை என்று அறிவித்தபோது பலரும் இது முடிந்துபோனது என்றே நினைத்தார்கள். ஆனால் பயன்படுத்துகிறவர்களும் தன்னார்வலர்களும் விடவில்லை, நன்கொடை சேர்ந்தது, 2020-இல் மொசில்லா அறக்கட்டளைக்குக் கீழே இதற்கென்றே தனி நிறுவனம் ஏற்படுத்தினார்கள். 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பில் முகத்தையே மாற்றிப் புதுப்பித்தார்கள். இன்றைக்கும் நன்கொடையில்தான் ஓடுகிறது, நிரல் முழுவதும் திறந்த மூலம். எனக்கு இது போதுமான நம்பிக்கை.

இறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2025 மார்ச்சிலிருந்து தளத்தில் முதலாவதாகக் காட்டுவது மாதாமாதம் புதிய அம்சங்களோடு வரும் பதிப்பு. பக்கத்திலேயே தேர்வுப்பட்டியலில் இஎஸ்ஆர் என்று ஒன்று இருக்கும், அது வருடத்துக்கு ஒரு முறை பெரிதாக மாறும், இடையில் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். ஆபீஸில் தினமும் வேலை நடக்கும் கம்ப்யூட்டருக்கு நான் இஎஸ்ஆர்தான் போட்டேன். பட்டன் இடம் மாறினால் கணக்குப்பிள்ளை எனக்குத்தான் போன் போடுவார்.

சரி, கணக்கு சேர்ப்பதற்கு வருவோம். திறந்ததும் மூன்று கட்டங்கள்: பெயர், மெயில் முகவரி, பாஸ்வேர்டு. புதிய பதிப்புகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும், விஷயம் அதேதான். பெயர் என்ற இடத்தில் போடுவதுதான் உங்கள் மெயிலைப் பெறுபவர் பார்க்கும் பெயர், அதனால் அங்கே சித்தப்பா பெயரை விட அச்சகத்தின் பெயரைப் போட்டேன். தமிழிலேயே போடலாம்.

முகவரியைக் கொடுத்ததும் அது பின்னால் செய்யும் வேலைதான் எனக்குப் பிடித்த இடம். முதலில் தனக்குள்ளேயே குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கும், அப்புறம் அந்த டொமைன்காரரே அமைப்பு விவரம் ஏதாவது வைத்திருக்கிறாரா என்று கேட்கும், இல்லையென்றால் மெயில் சேவைகளின் விவரங்களைச் சேர்த்துவைத்திருக்கும் பொதுப் பட்டியலில் தேடும், அதிலும் இல்லையென்றால் வழக்கமான சர்வர் பெயர்களையும் போர்ட் எண்களையும் வைத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். பழைய காலத்தில் இதையெல்லாம் நாமே ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்து அடித்தோம். ஒரு புள்ளி விட்டுப்போனால் கூட எங்கே தவறு என்று தெரியாது.

ஜிமெயில் கணக்குக்கு இது சொன்ன மாதிரியே நடந்தது. முகவரியைக் கொடுத்ததும் கூகுள் என்று கண்டுபிடித்து ஐமேப்பைத் தேர்ந்தெடுத்துக் காட்டியது, தொடர்ந்ததும் கூகுளின் உள்நுழைவுத் திரை ஒரு சின்ன ஜன்னலில் வந்தது, அதில் பாஸ்வேர்டும் போனுக்கு வந்த உறுதிப்படுத்தலும் கொடுத்து அனுமதித்ததும் முடிந்தது. இந்த முறையில் உங்கள் பாஸ்வேர்டு தண்டர்பேர்டிடம் தங்குவதில்லை, கூகுள் கொடுக்கும் ஓர் அனுமதிச் சீட்டுதான் தங்கும். வேண்டாம் என்றால் கூகுள் கணக்கில் போய் அதை ரத்து செய்துவிடலாம். 2022 மே மாதத்துக்கு அப்புறம் தனிநபர் ஜிமெயிலில் வெறும் பாஸ்வேர்டை மட்டும் கொடுத்து வெளி மென்பொருளில் நுழைவதை கூகுள் நிறுத்திவிட்டது. அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கும் 2024 செப்டம்பரிலிருந்து அதே கதை. அதனால் அந்த ஜன்னல் வராமல் பாஸ்வேர்டு தவறு, பாஸ்வேர்டு தவறு என்று திரும்பத் திரும்ப வந்தால், பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். கணக்கு அமைப்பில் சர்வர் பகுதிக்குப் போய், சரிபார்க்கும் முறை என்ற இடத்தில் ஓஆத்2 (மேலே சொன்ன அனுமதிச் சீட்டு முறையின் பெயர்) என்று இருக்கிறதா என்று பாருங்கள், அதோடு தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் குக்கீகளை ஏற்கும்படி இருக்கிறதா என்றும் பாருங்கள். குக்கீயை மூடிவைத்திருந்தால் அந்த உள்நுழைவு நடக்காது. இன்னொன்று, ஜிமெயில் செட்டிங்ஸில் போய் ஐமேப்பை இயக்கு என்று பழைய வழிகாட்டிகள் எல்லாம் சொல்லும், 2025 ஜனவரியிலிருந்து அந்தத் தேர்வே அங்கே இல்லை, எப்போதும் இயங்கிய நிலையில்தான் இருக்கிறது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இப்போது டொமைன் கணக்கு. இங்கேதான் என் மாலைப்பொழுது போனது.

முகவரியைக் கொடுத்ததும் தண்டர்பேர்ட் தட்டிப் பார்த்து, எங்கள் டொமைனுக்கு முன்னால் மெயில் என்று சேர்த்த பெயரில் ஒரு சர்வரைக் கண்டுபிடித்தது. ஹோஸ்டிங் கம்பெனி எங்களுக்கு முதலில் அனுப்பிய மெயிலிலும் அதே பெயர்தான் இருந்தது. ஆனால் முடிவில் சான்றிதழ் எச்சரிக்கை வந்தது: இந்த சர்வர் காட்டும் சான்றிதழ் வேறு பெயருக்குரியது, விதிவிலக்குச் சேர்க்கட்டுமா என்று. ஹோஸ்டிங் கம்பெனிக்கு டிக்கெட் போட்டேன். ஒன்றும் ஆகாது, ஓகே கொடுத்துவிடுங்கள் என்று பதில் வந்தது. நான் கொடுக்கவில்லை. நீங்களும் கொடுக்காதீர்கள். காசோலையைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு கடைக்குப் போகிறோம், வாசலில் வேறு கடையின் பெயர்ப்பலகை தொங்குகிறது, உள்ளே இருப்பவர் பரவாயில்லை கொடுங்கள் என்கிறார், கொடுப்போமா? பெரும்பாலும் அது வெறும் அமைப்புத் தவறாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு முறை விதிவிலக்குக் கொடுக்கப் பழகிவிட்டால் நிஜமாகவே யாராவது நடுவில் புகுந்து பாஸ்வேர்டைத் திருடப் பார்க்கும் நாளிலும் கை தானாக ஓகேயை அழுத்தும். மறுநாள் இன்னொருவர் பேசினார், விவரம் தெரிந்தவர். பல டொமைன்கள் ஒரே சர்வரில் இருப்பதால் சான்றிதழ் அந்த சர்வரின் சொந்தப் பெயரில் இருக்கிறது, எங்கள் டொமைன் பெயருக்கு இன்னும் எடுக்கவில்லை என்று சொல்லி, சர்வரின் முழுப் பெயரைக் கொடுத்தார். அதைப் போட்டதும் எச்சரிக்கை இல்லாமல் ஏறியது. ஒரு நாள் தாமதம், ஆனால் சரியான வாசலில்தான் நிற்கிறோம் என்று தெரியும்.

கையால் அமைப்பதற்கான திரையில் இன்னும் சில இடங்கள் இருக்கின்றன. பயனர் பெயர் என்ற இடத்தில் பெரும்பாலான ஹோஸ்டிங்குகளுக்கு முழு மெயில் முகவரியையும் கொடுக்க வேண்டும், அட் குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் கொடுத்தால் ஏறாது. வரும் மெயிலுக்கு ஐமேப் என்றால் போர்ட் 993, பாதுகாப்பு எஸ்எஸ்எல். போகும் மெயிலுக்கு 465 என்றால் எஸ்எஸ்எல், 587 என்றால் ஸ்டார்ட்டிஎல்எஸ். இந்த ஜோடிகளை மாற்றிப் போட்டால் பிழை கூட சரியாகச் சொல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். 25 என்ற பழைய எண்ணை யாராவது சொன்னால் விட்டுவிடுங்கள், ஸ்பேமைத் தடுக்க நிறைய இணைய நிறுவனங்கள் அதை அடைத்து வைத்திருக்கின்றன. கீழே 'மறுபடி சோதி' என்ற பொருளில் ஒரு பட்டன் இருக்கும், மாற்றிய ஒவ்வொரு தடவையும் அதை அழுத்திப் பாருங்கள்.

அப்புறம்தான் அந்தப் பெரிய கேள்வி: ஐமேப்பா, பாப்பா? தண்டர்பேர்ட் இரண்டையும் கண்டுபிடித்தால் பக்கத்தில் பக்கத்தில் காட்டி, ஐமேப்பை முன்னால் வைக்கிறது. இதற்காகவே அந்தத் திரையைப் பாராட்டுவேன். ஐமேப் என்றால் மெயில்கள் சர்வரில் இருக்கும், கம்ப்யூட்டர், போன், வெப்மெயில் எல்லாம் ஒரே பெட்டியைப் பார்க்கும், ஓரிடத்தில் படித்தால் எல்லா இடத்திலும் படித்ததாகத் தெரியும். பாப் என்றால் மெயில் உங்கள் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும், அப்புறம் சர்வரில் இருப்பதும் இல்லாததும் நீங்கள் வைத்த அமைப்பைப் பொறுத்தது. சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இந்த இடம் வந்ததும், "ஏம்ப்பா, மறுபடியும் எல்லாம் போயிடாதே?" என்று மட்டும் கேட்டார். ஐமேப்பைக் காட்டி விளக்கினேன்.

ஹோஸ்டிங்கில் இடம் குறைவு, வேறு வழியில்லாமல் பாப் போட வேண்டும் என்று சிலர் இருப்பீர்கள். அவர்கள் கவனிக்க வேண்டியது இது. தண்டர்பேர்டில் பாப் கணக்கு சேர்த்தால் மெயிலை சர்வரிலேயே விட்டுவை என்பது டிக் ஆகித்தான் வரும், அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள், அதற்குக் கீழேயே 14 நாள் வரைக்கும் மட்டும் என்பதும் டிக் ஆகி வரும். இரண்டு வாரம் போனால் சர்வரிலிருந்து ஒவ்வொன்றாக அகலத் தொடங்கும். போனில் பழைய மெயில் காணோம் என்று தேடுபவர்கள் முதலில் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும். இன்னொரு விஷயம், பாப்பாகச் சேர்த்த கணக்கை அப்படியே ஐமேப்பாக மாற்ற முடியாது. ஐமேப்பாகப் புதிதாக ஒன்று சேர்த்து, பழைய மெயில்களை அதற்குள் இழுத்துப் போட்டு, சர்வருக்கு முழுதும் ஏறிவிட்டதா என்று பார்த்த பிறகுதான் பழையதை நீக்க வேண்டும். அதனால் முதல் நாளே சரியாகத் தேர்ந்தெடுங்கள்.

கணக்கு ஏறியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அடுத்த அரை மணி நேரத்தில் நான் செய்தவை எல்லாம் முதல் நாளே செய்திருக்க வேண்டியவைதான்.

மெயில் வருகிறது, ஆனால் போகவில்லை என்பது பொதுவான புகார். காரணம், போகும் மெயிலுக்கான சர்வர் தனி. கணக்கு அமைப்புப் பக்கத்தில் இடது பக்கம் கடைசியில், எல்லாக் கணக்குக்கும் பொதுவாக, போகும் சர்வர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும், அங்கே போய்த்தான் திருத்த வேண்டும். வரும் சர்வருக்கும் போகும் சர்வருக்கும் பாஸ்வேர்டைத் தனித்தனியாகவே சேமித்து வைக்கிறது, அதனால் ஹோஸ்டிங்கில் பாஸ்வேர்டை மாற்றினால் இரண்டு இடத்திலும் மாற வேண்டும். என் கருத்தில் இது தண்டர்பேர்டின் பழைய மரபு, புதியவர்களுக்குப் புரியாது. கணக்கின் பெயருக்குக் கீழேயே போகும் சர்வரையும் வைத்திருக்கலாம்.

அனுப்பிய மெயில்கள் எங்கே சேர்கின்றன என்று பாருங்கள். போனிலிருந்து அனுப்பியது ஒரு ஃபோல்டரிலும் கம்ப்யூட்டரிலிருந்து அனுப்பியது இன்னொரு ஃபோல்டரிலும் போய், கொஞ்ச நாளில் 'சென்ட்' என்ற பெயரில் ஒன்றுக்கு இரண்டாக நிற்கும். கணக்கு அமைப்பில் நகல்களும் ஃபோல்டர்களும் என்ற பகுதியில், சர்வரில் இருக்கும் சரியான ஃபோல்டரைக் காட்டிவிட்டால் தீர்ந்தது. வரைவுகளுக்கும் அதே மாதிரி.

பதில் எழுதும்போது நீங்கள் எழுதுவது பழைய மெயிலுக்குக் கீழே போகும்படிதான் தொடக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கணினித் துறைக்காரர்களின் மெயில் குழுக்களில் அது ஒழுங்கான பழக்கம், மதிக்கிறேன். ஆனால் காலண்டர் ஆர்டர் கொடுக்கும் ஜவுளிக்கடைக்காரர் மேலே நாலு வரி பார்ப்பார், பதில் இல்லை என்று நினைத்து மூடிவிடுவார். எழுதும் முறை என்ற பகுதியில் மேலே எழுதும்படி மாற்றலாம், ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியாக மாற்ற வேண்டும்.

ஐமேப்பில் கணக்கு சேர்த்தால் எல்லா மெயிலையும் கம்ப்யூட்டருக்கும் ஒரு நகல் இறக்கிவைக்கும். எங்களுக்கு அது வேண்டும், இணைப்பு இல்லாதபோது திறக்கவும் தேடவும் அதுதான் உதவுகிறது. சின்ன டிஸ்க் உள்ள லேப்டாப் என்றால் ஒத்திசைவுப் பகுதியில் போய் கடைசி 30 நாள், 6 மாதம் என்று குறைத்துக்கொள்ளலாம். சித்தப்பாவின் ஜிமெயில் முதல் தடவை இறங்கி முடிக்க ஒரு ராத்திரி முழுக்க ஆனது, பார்த்துக்கொண்டு உட்காரத் தேவையில்லை, விட்டுவிட்டுத் தூங்கலாம். ஜிமெயிலில் லேபிள் என்பது இங்கே ஃபோல்டராகத் தெரியும் என்பதால் ஒரே மெயில் இன்பாக்ஸிலும் 'ஆல் மெயில்' என்பதிலும் இரண்டு தடவை தெரியும். ஒன்றை அழித்தால் மற்றது என்ன ஆகும் என்று பயப்படாமல் இருக்க, ஆல் மெயிலுக்கான சந்தாவை எடுத்துவிட்டேன், அது பட்டியலில் இருந்து மறைந்துவிட்டது, மெயில் எதுவும் அழியவில்லை.

ஒரே கணக்கை இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரு போனிலும் வைத்திருக்கிறோம் என்றால் இன்னொன்றும் செய்யுங்கள். தண்டர்பேர்ட் ஒரு கணக்குக்கு ஒரே நேரத்தில் 5 இணைப்புகள் வரை வைத்துக்கொள்ளும். பகிர்ந்து பயன்படுத்தும் ஹோஸ்டிங்கில் ஒரு முகவரிக்கு இத்தனை இணைப்புதான் என்று வரம்பு இருக்கும், அதைத் தாண்டினால் திடீர் திடீரென்று இணைய முடியவில்லை என்று வரும். சர்வர் அமைப்பில் மேம்பட்ட என்ற பட்டனுக்குள் அந்த எண்ணை 2 ஆக்கினேன், அதற்கு அப்புறம் தொந்தரவு இல்லை.

தமிழில் மெயில் வந்தால் எப்படித் தெரிகிறது? நன்றாகவே தெரிகிறது. ஆனால் எழுத்து சிறியதாக இருந்ததால் சித்தப்பா கண்ணாடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். செட்டிங்ஸில் எழுத்துரு என்ற இடத்தில் மேம்பட்ட பகுதிக்குள் போனால், மொழிப் பட்டியலில் தமிழ் என்று தனியாக இருக்கிறது. அதில் நிர்மலா எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து அளவை 20 ஆக்கினேன். ஆங்கில எழுத்தின் அளவு அப்படியே இருக்க, தமிழுக்கு மட்டும் தனியாக வைக்க இடம் கொடுத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. யூனிகோடுக்கு முந்தைய காலத்தில் டிஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியீட்டு முறையில் அடித்து அனுப்பிய பழைய மெயில் ஏதாவது ஜிமெயிலில் தங்கியிருந்தால் அது ஐரோப்பிய எழுத்துக் குவியலாகத்தான் தெரியும், அதை நகலெடுத்து ஏதாவது எழுத்துரு மாற்றியில் போட்டுத்தான் படிக்க வேண்டும்.

போனுக்கும் இதே மென்பொருள் இருக்கிறது. பல வருடமாக ஆண்ட்ராய்டில் இருந்த கே-9 மெயிலை 2022-இல் தங்களோடு சேர்த்துக்கொண்டு, 2024 அக்டோபரில் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்டாக வெளியிட்டார்கள். கம்ப்யூட்டரில் டூல்ஸ் மெனுவில் மொபைலுக்கு ஏற்றுமதி என்று ஒன்று இருக்கிறது, அதை அழுத்தி, எந்தெந்தக் கணக்கு வேண்டும் என்று டிக் செய்தால் திரையில் க்யூஆர் குறியீடு வரும், போனில் அதை ஸ்கேன் செய்ய வேண்டியதுதான். சர்வர் பெயர், போர்ட், பாதுகாப்பு முறை, ஒன்றையும் மறுபடி அடிக்கத் தேவையில்லை. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கண்டுபிடித்த அந்த விவரங்கள் ஒரு நொடியில் போனுக்குப் போனதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஜிமெயிலுக்கு மட்டும் போனில் ஒரு தடவை உள்நுழைந்து அனுமதி கொடுக்க வேண்டும். பாஸ்வேர்டையும் சேர்த்து அனுப்பலாமா என்று கேட்கும், அப்படிச் சேர்த்தால் அந்தக் குறியீட்டை யாரும் போட்டோ எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸ்வேர்டு பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். சேமித்த பாஸ்வேர்டுகளை அந்தக் கம்ப்யூட்டரில் உட்காரும் யாரும் செட்டிங்ஸில் போய்ப் பார்க்க முடியும். அச்சகம் மாதிரி நாலு பேர் வந்து உட்காரும் இடத்தில் இது சரிப்படாது. தனியுரிமைப் பகுதியில் முதன்மைப் பாஸ்வேர்டு ஒன்று வைத்துவிடுங்கள், தண்டர்பேர்டைத் திறக்கும்போது ஒரு தடவை கேட்கும், அவ்வளவுதான். இதைக் கணக்கு சேர்க்கும்போதே கேட்டிருக்க வேண்டும் என்பது என் மனக்குறை. தேடிப் போனவர்களுக்கு மட்டும்தான் தெரிகிறது.

தேடுவது எப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: மெயில் பட்டியலுக்கு மேலே இருக்கும் விரைவு வடிகட்டிப் பெட்டிதான் கணக்குப்பிள்ளை அதிகம் தொடும் இடம். கடைப் பெயரைத் தமிழில் அடித்தாலும் வடிகட்டுகிறது. வெளியிலிருந்து வரும் படங்களைக் கேட்காமல் இறக்காது, விளம்பர மெயில்கள் நாம் திறந்ததை வேவு பார்ப்பதற்கு அது ஒரு தடை, நல்லது. காலண்டரும் உள்ளேயே இருக்கிறது, டெலிவரி தேதிகளை அதில் போட்டு வைக்கிறார்கள்.

கடைசியாக பேக்கப். ஐமேப் வைத்துவிட்டோம், சர்வரில் இருக்கிறது என்று நான் விடவில்லை, சர்வரில் தவறுதலாக அழித்தால் ஐமேப்பில் இங்கேயும் அழியும். தண்டர்பேர்ட் எல்லாவற்றையும், மெயில், முகவரிப் புத்தகம், கணக்கு அமைப்பு அத்தனையையும், புரொஃபைல் என்று ஒரே ஃபோல்டருக்குள் வைத்திருக்கிறது. உதவி மெனுவில் சிக்கல் தீர்க்கும் தகவல் என்ற பக்கத்தில் அந்த ஃபோல்டரைத் திறக்கும் பட்டன் இருக்கும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அதை அப்படியே நகலெடுத்தால் முடிந்தது. வேறு கம்ப்யூட்டரில் வைத்தால் அதே மாதிரி திறக்கும். எங்கள் ஆபீஸில் சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் கணக்குப்பிள்ளை வெளி டிஸ்க்கைச் செருகி இதைச் செய்கிறார், அவர் பெட்டிச் சாவியை எடுத்து வைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. சர்வர் பெயர், போர்ட் எண்கள், பயனர் பெயர் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, எங்கள் மெஷினிலேயே லேமினேஷன் போட்டு பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். பாஸ்வேர்டை அதில் எழுதவில்லை, அது சித்தப்பாவிடம் தனியாக இருக்கிறது.

போன வாரம் கரூர் கடைக்காரர் போன் செய்து, போன வருடம் எங்களுக்கு அடித்த மாதக் காலண்டரில் கீழ்ப்பட்டை என்ன நிறம், அதே நிறம் வேண்டும் என்றார். சீசன் நடுவில் நாங்கள் திரும்ப அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிய மெயில்களில் அதுவும் ஒன்று, ஜிமெயிலுக்கு வந்திருந்தது. சித்தப்பா தானே வடிகட்டிப் பெட்டியில் கரூர் என்று அடித்து, ப்ரூஃபைத் திறந்து, நிறத்தைப் படித்துச் சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார்.